அண்ணியின் மூக்கும் அறுநூறு கிலோமீட்டர் புகையும்

என் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே என் மூக்கு உடைந்தது. அடிதடி எதுவும் இல்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நேரே சமையலறைக்குள் போய் நின்றார், இரண்டு முறை மோந்து பார்த்தார், “ஃப்ரிட்ஜுக்குப் பின்னால வயர் கருகுது” என்றார். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. வந்ததும் வராததுமாகக் குற்றம் கண்டுபிடிக்கிறாரே என்று, நாத்தனாருக்கு உரிய கடமையுணர்ச்சியோடு, “அது பத்து வருஷமா அங்கதான் இருக்கு அண்ணி, யாரும் செத்துப் போகல” என்றேன். அண்ணன் ஃப்ரிட்ஜை இழுத்துப் பார்த்தான். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த மூக்குக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. பால் கெட்டுவிட்டதா, கேஸ் கசிகிறதா, அண்ணன் ஆபீஸுக்குப் பின்னால் நின்று சிகரெட் குடித்தானா, எல்லாவற்றுக்கும் அங்கேதான் தீர்ப்பு. சிகரெட்டை விட்டது தன் மனவுறுதியால்தான் என்று அண்ணன் சொல்லிக்கொள்வான். நம்ப வேண்டாம்.

அண்ணிக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அங்கே மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்குள் நான்கு காற்று மெஷின்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு குளியலறை அளவு. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, குளிரவைத்து, கீழே வார்டுகளுக்கு அனுப்புகிறவை. அவற்றுக்கு எஜமானி அண்ணிதான். பதினொரு வருடமாக ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் காத்தக்கா. பெல்ட் தேய்ந்தால் சத்தத்திலேயே தெரியும், மோட்டார் சூடேறினால் மூன்றாவது படியில் கால் வைக்கும்போதே மூக்குக்குத் தெரியும் என்பார். தற்பெருமைதான், ஆனால் ஒருநாளும் பொய்த்ததில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொள்வேன். பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துகிற எனக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணியிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தினமும் காலை ஏழு மணிக்கு, மிச்சமான வெள்ளை ஃபில்டர் துணியில் உள்ளங்கை அளவு சதுரம் ஒன்றை வெட்டி, வெளிக்காற்று நுழைகிற வாயில் கிளிப் போட்டு மாட்டுவார். மாலை ஐந்து மணிக்கு அதை எடுத்து ஒரு நோட்டில் ஒட்டித் தேதி எழுதுவார். யாரும் செய்யச் சொன்ன வேலை இல்லை. அப்படிப் பத்து நோட்டுகள் சேர்ந்திருந்தன. சாலை தோண்டிய மாதம் மஞ்சள் சதுரங்கள், பக்கத்துக் கட்டடத்தை இடித்த வாரம் சிமெண்ட் நிறம், நல்ல மழை நாட்களில் கிட்டத்தட்ட வெள்ளை. “ஸ்டாம்ப் சேக்கிறவங்க உண்டு, எங்க அண்ணி அழுக்கு சேக்கிறாங்க” என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதே ஆஸ்பத்திரியில்தான் என் மகள் பிறந்தாள், ஏழு வாரம் முந்திக்கொண்டு. அவசரத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள். எடை ஒன்றரைக் கிலோ. குறைமாதக் குழந்தைகள் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், என் கட்டைவிரல் அளவு பாதத்தில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு ஒயர். அது அவள் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று திரையில் எண்ணாகக் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நர்ஸ் சிரிப்பார். தொண்ணூறுக்குக் கீழே போனால் மணி அடிக்கும். அங்கே இருந்த நாளெல்லாம் எனக்குச் சாமி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த எண்தான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். குழந்தையைப் பார்த்துவிட்டு மனசில்லாமல் சரக்கோடு வடக்கே போயிருந்தார். அண்ணிதான் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். ஆனால் ஒருநாளும் குழந்தையைத் தொட்டதில்லை. “நாள் பூரா தூசியில கிடக்கிற கை, வேண்டாம்மா. வீட்டுக்கு வரட்டும், பாத்துக்கறேன்” என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு மாடி ஏறிவிடுவார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை குழந்தைக்கு ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். அவளாகவே மூச்சு விட்டாள். எனக்கு ஆஸ்பத்திரியையே விலைக்கு வாங்கலாம் போல இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் சூரியன் தக்காளிப்பழ நிறத்தில் வந்தது. வெயில் ஏறிய பிறகும் நேராகப் பார்க்க முடிந்தது. வார்டு ஜன்னலில் எல்லோரும் கூடிவிட்டோம். சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது.

“இங்க மலைக்காடு நாலு நாளா எரியுது. ரோட்டை அடைச்சுட்டாங்க, லாரியெல்லாம் வரிசையா நிக்குது. பட்டப்பகல்ல லைட்டைப் போட்டாலும் முன்னால நிக்கிற வண்டி தெரியல. கண்ணு எரியுது, தொண்டை எரியுது. எல்லாரும் மாஸ்க் போட்டு உக்காந்திருக்கோம். காத்து அடிக்கிறது உங்க பக்கமாத்தான்.”

அவர் இருந்த இடம் எங்கள் ஊரிலிருந்து அறுநூறு கிலோமீட்டர். பஸ்ஸில் பதிமூன்று மணி நேரம், எனக்குக் கால அட்டவணை மனப்பாடம். அண்ணி அன்றைய சதுரத்தைக் காட்டினார். வெள்ளையாகத்தான் இருந்தது.

“புகை ரொம்ப உசரத்துல போகுதும்மா. அதான் சூரியன் செவப்பா தெரியுது. நம்ம மூச்சு விடற காத்துல ஒண்ணுமில்ல.”

“கீழ இறங்கினா?”

“இறங்கினா என் மூக்குக்குத் தெரியாமப் போயிடுமா?”

செவ்வாய்க்கிழமை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் வினையாகப் போயிற்று.

புதன்கிழமை காலை சூரியன் வழக்கம்போல் மஞ்சளாக வந்தது. வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். சிக்னல் பக்கத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று காட்டும் ஒரு பலகை உண்டு. எண் ஏற ஏறக் காற்று மோசம் என்று அர்த்தம். வழக்கமாக அது நாற்பது, ஐம்பது என்று நிற்கும். அன்று நூற்று எண்பத்தேழு என்றது. ஏற்கெனவே இரண்டு தடவை பழுதாகி, கொட்டுகிற மழையில் முந்நூறு காட்டிய பலகை அது. அண்ணி ஸ்கூட்டரை நிறுத்தாமலே, “இதுக்கு மறுபடியும் புத்தி கெட்டுப்போச்சு” என்றார். ராத்திரி அண்ணன் வீட்டில் படுத்துவிட்டு, அவர் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவர் மாடியில் நின்று நான்கு திசையிலும் மோந்து பார்த்தார். கரி வாசனை இல்லை, கட்டை எரிந்த வாசனை இல்லை. வெளிக்காற்று வாயில் ஒரு தகடு இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும், மூடும். விதிப்படி அதைப் பாதி திறந்துவிட்டு, புதுச் சதுரத்தை மாட்டிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு என் மகளின் எண் தொண்ணூற்று மூன்றுக்கு வந்தது. நர்ஸ் கால் ஒயரைச் சரிசெய்தார். தொண்ணூற்று ஒன்று. பிறகு எண்பத்தெட்டு. மணி அடித்தது. ஆக்ஸிஜன் குழாய் மறுபடியும் அந்தச் சின்ன மூக்கில் ஏறியது. கால்மணி நேரத்தில் அடுத்த பெட்டியிலும் மணி அடித்தது. அப்புறம் மூலைப் பெட்டியில். வார்டில் கிருமி புகுந்துவிட்டதோ என்று டாக்டர்கள் மூன்று குழந்தைகளின் குதிகாலிலும் ரத்தம் எடுத்தார்கள். என்னை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போல்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அண்ணி சாப்பாட்டுப் பையோடு வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“மூணு புள்ளைக்கும் ஒரே நேரத்துலயா?”

“அரைமணிக்குள்ள அக்கா” என்றார் நர்ஸ்.

“கிருமி என்ன, சொல்லிவெச்சுக்கிட்டா வரும்? மூணு பேருக்கும் பொதுவா இங்க என்ன இருக்கு?”

“நான்தான் இருக்கேன்” என்றார் நர்ஸ் பாவமாக. “உள்ள புழுக்கமா இருக்குன்னு ஜன்னலைக்கூடத் திறந்துவிட்டேன், நல்ல காத்து வரட்டும்னு.”

அண்ணி பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஏறினேன். மாலை ஐந்து மணிக்கு எடுக்க வேண்டிய சதுரத்தை அண்ணி பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நடுப்பகலில் எடுத்தார். ஐந்து மணி நேரத்தில் அது பால் குறைத்த டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. அதை மூக்கோடு சேர்த்துவைத்து மோந்தார். என்னிடம் நீட்டினார். ஒரு வாசனையும் இல்லை. புதுத் துணியைப் போலத்தான் இருந்தது.

“போர்டு சரியாத்தான் காட்டியிருக்கு” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. “மணமெல்லாம் வர வழியிலேயே போயிடுச்சு. பொடி மட்டும் வந்திருக்கு. நான் மணத்தைத் தேடிட்டு இருந்திருக்கேன்.”

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

“உங்க மூக்கை நம்பினேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். என் புள்ள மூச்சு விடறதே ரெண்டு நாளாத்தான். அதையும் கெடுத்துட்டீங்க. நீங்களெல்லாம் என்ன வேலை பாத்துக் கிழிச்சீங்க பதினொரு வருஷமா?”

“ஆமா” என்றார் அண்ணி. “மிச்சத்தை அப்புறம் திட்டு. இப்ப கீழ வா, பெரிய டாக்டரம்மாவைப் பாக்கணும்.”

பெரிய டாக்டரம்மா சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தெருவில் ஜனங்கள் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

“புகையே இல்லையேம்மா. நெருப்பில்லாம புகையுமா?”

“நெருப்பு இருக்கு டாக்டர். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இவ வீட்டுக்காரர் அதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறார். அங்க வாசனையும் எரிச்சலும் இருக்கு, எல்லாரும் மாஸ்க் போட்டுட்டாங்க. இங்க வாசனை இல்ல, அதனால யாரும் போடல. நேத்து உசரத்துல போனது இன்னிக்குக் கீழ இறங்கியிருக்கு. காலையில நான் மோந்து பாத்து, ஒண்ணுமில்லன்னு தகட்டைத் திறந்தே விட்டுட்டேன். தப்பு என்னோடது. அதைச் சரிபண்ண எனக்கு ரெண்டு மணி நேரமும் உங்க கையெழுத்தும் வேணும்.”

தப்பை ஒப்புக்கொள்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அண்ணி நிமிர்ந்து நின்று, மெஷின் நிலவரம் சொல்கிற குரலில் அதைச் சொன்னார்.

“வெளிக்காத்தை மொத்தமா மூடிட்டா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“மூடினா வார்டுக்குள்ள அழுத்தம் போயிடும் டாக்டர். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாம் வெளிப்புகையை உள்ள உறிஞ்ச ஆரம்பிச்சிடும். கால்வாசி திறந்து வெச்சு, வர்ற காத்தை நல்லா வடிகட்டணும். இப்ப வார்டு மெஷின்ல இருக்கிற ஃபில்டருக்கு இவ்வளவு நைஸான பொடி நிக்காது. ரெண்டாவது ஆபரேஷன் தியேட்டர் பெயிண்ட் அடிக்க மூடியிருக்கே, அந்த மெஷின் ஃபில்டருக்கு நிக்கும். அதைக் கழட்டி இங்க போடறேன்.”

“அளவு சேருமா?”

“சேராது. சேர வைக்கிறேன்.”

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை நாலு மணிக்கு வரும், அதுவரை கிருமிக்கான மருந்தும் நடக்கட்டும் என்றார். அதுவும் நியாயம்தான்.

அண்ணி முதலில் வார்டு ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். பிறகு மாடியில் என் கையில் டார்ச்சைக் கொடுத்தார். வராந்தாவில் உட்கார்ந்து அந்த மணி மறுபடி அடிக்குமா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பதை விட இது தேவலை என்று நானும் பிடித்தேன். இரண்டு மெஷினையும் நிறுத்தினார். தியேட்டர் ஃபில்டர்களை ஒவ்வொன்றாக, தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிவந்தார். வார்டு மெஷினின் சட்டத்துக்கு அவை இரண்டு விரல் குறைவாக இருந்தன. சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்து அடைத்தார், அதன் மேல் டேப் ஒட்டினார்.

“ஓரத்துல ஒரு விரல் நுழையற சந்து இருந்தாப் போதும், எல்லாப் புகையும் அந்த வழியாத்தான் போகும். நடுவுல தங்கத்துலயே ஃபில்டர் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல.”

ஃபில்டர் அடர்த்தியாக இருந்ததால் காற்று திணறியது. மோட்டாரின் சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டினார். பெல்ட் கிறீச்சிட்டது, இறுக்கினார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் என்னிடம் ஒரு டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்துக் கொடுத்தார்.

“இதை ஓரமாவே கொண்டுபோ. எங்கயாவது இழுத்தா சொல்லு.”

மேலே இழுக்கவில்லை. வலப்பக்கம் இழுக்கவில்லை. இடப்பக்கம் அடியில், மூலையில், பேப்பரின் நுனி சடக்கென்று உள்ளே போயிற்று.

“அண்ணி, இங்க இழுக்குது.”

அவர் மண்டிபோட்டு அந்த மூலையை அடைத்தார். மறுபடி பேப்பரைக் கொண்டுபோனேன். அசையவில்லை. மணி இரண்டே முக்கால். அண்ணி இரண்டு புதுச் சதுரம் வெட்டி ஒன்றை ஃபில்டருக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் மாட்டினார். முகம் முழுக்கத் தூசி, கண்கள் மட்டும் தெரிந்தன. “கீழ போ. புள்ளைய பாரு” என்றார். அவர் வரவில்லை.

மூன்று மணிக்கு எண் தொண்ணூற்று இரண்டு. குழாய் இருந்தும் தொண்ணூற்று இரண்டு. நான் அதை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்குத் தொண்ணூற்று நான்கு. நாலு மணிக்கு ரத்த அறிக்கை வந்தது, மூன்று குழந்தைகளுக்கும் கிருமி இல்லை. ஐந்து மணிக்கு எண் தொண்ணூற்றாறு. நர்ஸ் குழாயில் வரும் ஆக்ஸிஜனைப் பாதியாகக் குறைத்தார். அப்போதும் தொண்ணூற்றாறு. அதன் பிறகுதான் என் சாப்பாட்டுப் பை வராந்தாவில் அப்படியே இருப்பது ஞாபகம் வந்தது.

புகை ஆறு நாள் எங்கள் ஊரில் தங்கியது. நகரத்தில் பாதிப் பேருக்கு அது வந்ததே தெரியாது. இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், சளி பிடித்திருக்கிறது என்றார்கள். சிக்னல் பலகையின் எண்ணை யாரும் நம்பவில்லை. அண்ணி தினமும் ஒரு சதுரத்தை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டி, பக்கத்தில் ஒரு புது வெள்ளைத் துணியையும் ஒட்டி, கீழே எழுதினார்: “இன்று காலை ஏழு முதல் ஒன்பது வரை நாம் சுவாசித்தது.” எண்ணை நம்பாதவர்கள் அழுக்கை நம்பினார்கள். மறுநாளே கர்ப்பிணிகள் மாஸ்க்கோடு வர ஆரம்பித்தார்கள், அதுவும் சும்மா துணி மாஸ்க் அல்ல, முகத்தோடு ஒட்டி நிற்கும் கெட்டி மாஸ்க்.

இருபத்தெட்டாவது நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆறு நாளும் அதற்குப் பிறகும் அண்ணி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார், நான் சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஆனால் மாடியில் நான் பேசிய பேச்சைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. நான் தப்பாகப் பேசினேனா, அதுகூட எனக்குத் தெளிவாக இல்லை. அவர் செய்தது தப்புதானே என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

கிளம்புவதற்கு முன் மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். அண்ணி உள்ளே பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் மேல் பதினோராவது நோட்டு திறந்திருந்தது. நான்கு பக்கம் புரட்டினால் அந்தப் புதன்கிழமை. டீ நிறச் சதுரம். அதன் பக்கத்தில் ஃபில்டருக்கு முன்னால் இருந்தது, பழுப்பு. அதன் பக்கத்தில் பின்னால் இருந்தது, பளிச்சென்று வெள்ளை. கீழே அண்ணியின் கோழிக்கிறுக்கல்:

“காலை 7: மோந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். தப்பு. சிக்னல் பலகையைப் பார்த்துச் சிரித்தேன். தப்பு. பகல் 11.15: பாப்பாவுக்கு 88. இனி இரண்டு மணிக்கு ஒருமுறை சதுரம். மூக்கை நம்புவது வீட்டோடு சரி.”

ஆஸ்பத்திரியில் யார் வேண்டுமானாலும் புரட்டுகிற நோட்டு அது. நான் கத்தியதை விட அதிகமாக அவர் தன்னைத் தானே அதில் திட்டி எழுதி வைத்திருந்தார், ஒட்டியும் வைத்திருந்தார்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“அண்ணி, அன்னைக்கு நான் பேசினது ரொம்ப அதிகம். மன்னிச்சிருங்க.”

“பேசினதெல்லாம் சரிதான். ஆனா கோவத்துல டார்ச்சை ஆட்டிட்டே இருந்தே பாரு, அதுதான் தாங்கல.”

நான் குழந்தையை நீட்டினேன். “தூசி” என்று பின்வாங்கினார். “வீட்டுக்குக் கிளம்பிட்டோம் அண்ணி. வாங்கிக்கோங்க.”

குழாயடிக்குப் போய் முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். இருபத்தெட்டு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவளை முதல் முறையாகக் கையில் வாங்கினார். குனிந்து, மெதுவாக, அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது, சத்தம் போட்டே அழுதேன்.

அண்ணி கண்ணைத் திறந்தார். மறுபடி ஒருமுறை மோந்தார்.

“நாப்கின் மாத்தணும்” என்றார்.

மாற்ற வேண்டித்தான் இருந்தது.